வேதாகமம் கிளி ஜோசியச் சீட்டு இல்லீங்க

டிஸ்கி: நானும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போறவன்தான். வெளியில் நின்னு கல்லெறிகிற பதிவு இல்லை இது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு மணி தாண்டியதும் ஒரு தட்டு வரும். அதில் வாக்குத்தத்த அட்டைகள். கண்ணை மூடி ஒண்ணை உருவணும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தர்ற வாக்காம்.

சில வருஷங்களுக்கு முன்னாடி எங்க அத்தைக்கு வந்தது 91-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். நீண்ட ஆயுசு பற்றியது. "மாமாவுக்குத்தான்டா இது"ன்னு அவ்வளவு சந்தோஷமா காட்டினாங்க. மாமா அப்போ டயாலிசிஸில் இருந்தார். ஜூன் மாசம் போயிட்டார்.

அத்தை ஆண்டவரைக் குறை சொல்லலை. "என் விசுவாசம்தான் பத்தலை போல"ன்னாங்க. அன்னிக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரலை. புருஷனைப் பறிகொடுத்தவங்க தலையில் குற்றத்தையும் தூக்கி வச்சது அந்த அட்டை.

அதே 91-ஆம் சங்கீதத்தை மத்தேயு 4-ல் ஒருத்தன் எடுத்துச் சொல்றான். யாரு? சாத்தான்! இயேசுவை தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு எழுதியிருக்கேங்கிறான். வசனம் என்னவோ சரியான வசனம்தான். ஆனா அதைக் கடவுள்கிட்ட கடன் பத்திரம் மாதிரி நீட்டச் சொல்றான். கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாதுன்னு இயேசு மறுத்துட்டார். சிலுவையில் சாகும்போது அவருக்கு வயசு முப்பத்துச் சொச்சம். அட்டைக் கணக்குப்படி பார்த்தா, அவருக்கும் விசுவாசம் பத்தலைன்னுதானே சொல்லணும்?

அடுத்த நட்சத்திர வசனம் எரேமியா 29:11. காலண்டரிலிருந்து கார் கண்ணாடி வரைக்கும் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு வசனம் மேலே போய்ப் படிங்க. எழுபது வருஷம் ஆகும்னு இருக்கு. பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுபோன ஜனங்களுக்கு எழுதின கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்லுது. ரெண்டே வருஷத்தில் எல்லாம் சரியாயிடும்னு சொன்னவனும் முந்தின அதிகாரத்தில் இருக்கான். பேரு அனனியா. கள்ளத் தீர்க்கதரிசி. அட்டை அச்சடிக்கிறவங்களுக்கு அவன்தான் தோதான ஆள்.

வசன எண்களே பின்னாடி வந்தவைதான். புதிய ஏற்பாட்டில் இன்னிக்கு நாம பார்க்கிற எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர், 1551-ல். இடத்தைத் தேடி எடுக்கத்தான் எண்ணே தவிர, கத்தரிச்சு எடுக்க இல்லை.

அப்போ வேதத்தை எதுக்குத்தான் வாசிக்கிறது? 2 தீமோத்தேயு 3-ல் பவுல் நாலு காரணம் சொல்றார்: கற்றுக்கொடுக்க, கண்டிக்க, திருத்த, நீதியில் பழக்க. நாலில் ரெண்டு நம்மளைத் தட்டிக் கேட்கிறதுக்கு! கூலியைப் பிடிச்சு வைக்கிற பணக்காரனை யாக்கோபு 5 விளாசுது. அது எந்த முதலாளிக்காவது அட்டையா வந்திருக்கா? நாம வேதத்தைக் கேள்வி கேட்டு 'எனக்கு என்ன கிடைக்கும்'னு பார்க்கிறோம். அது நம்மளைக் கேட்கிற கேள்வியைக் காதில் வாங்கறதில்லை.

"ஒரு ஆறுதல் கிடைக்குதே, அதில் என்ன தப்பு?"ன்னு கேட்பீங்க. ஆறுதல் வேணும்தான். ஆனா அது முழுசா வாசிச்சாத்தான் கிடைக்கும். மாமா போன பிறகு ஒரு நாள் அத்தைக்கு 88-ஆம் சங்கீதத்தை வாசிச்சுக் காட்டினேன். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் புலம்பல், கடைசியிலும் இருட்டுதான். எந்த அட்டையிலும் வராது.

"இப்படியெல்லாம்கூட வேதத்தில் இருக்காடா?"ன்னு கேட்டு, அன்னிக்குத்தான் அத்தை வாய்விட்டு அழுதாங்க.

நாற்பது வருஷமா சபைக்குப் போறவங்க கேட்ட கேள்வி இது. அடுத்த டிசம்பர் 31-க்குத் தட்டு வந்தா நான் கை நீட்டப் போறதில்லை. நீங்க?