உப்பும் உறக்கமும் அறிந்தோர்

முசலியின் தென்கோடியில் விடியற்காலை பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் வந்து, வைத்தியசாலை விறாந்தை வாங்கில் பகல்வரை காத்திருந்து, கிளினிக் கொப்பியை நீட்டும் நோயாளியிடம் மருத்துவர் கேட்க இயல்வது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: நித்திரை வருகிறதா, குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா? மருத்துவரைக் குறைகூறுவதற்கில்லை. அவர்முன் வரிசை நீண்டு நிற்கிறது. சில நிமிடங்களில் குளிசைகள் எழுதப்பட்டு, அடுத்த மாதத்துக்கான திகதியும் குறிக்கப்படுகிறது. அந்தத் திகதி வரும்வரை, இருதுருவ மனநோயோடு வாழும் மனிதருக்குத் துணை யார்?

குடும்பம் இல்லையா என்பர். உண்டு. ஆனால் இந்நோய் குடும்பத்தின் பொறுமையைத்தான் முதலில் தின்கிறது. எழுச்சி நிலையில் ஒருவர் இரவில் இரண்டு மணிநேரம் உறங்கினும் களைப்பறியார், பேச்சுக்கு அணையிராது. புதிய எஞ்சினுக்குக் கடன்படுவார், மனைவியின் நகையை அடகுவைப்பார், மறுவாரமே வேறொரு தொழிலுக்கு நாள் பார்ப்பார். தடுப்பவர் பகைவராவார். பின்னர் மாதக்கணக்கில் பாயை விட்டு எழார். எழுச்சியில் பட்ட கடனையும் இழந்த மதிப்பையும் அவர் எண்ணிப் பார்ப்பது அந்தச் சோர்வின் அடியில் கிடக்கும்போதே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அங்கேதான் வலுக்கிறது. திமிர் என்றும் சோம்பல் என்றும் ஊர் தீர்ப்பளித்திருக்கும். இரண்டும் ஒரே நோயின் இருமுகங்கள் என்பதை வீட்டாரே அறிந்திருக்கமாட்டார்கள். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 40 மில்லியன் மக்கள் இந்நோயோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சரியாகக் கண்டறியப்படுமுன் ஆண்டுகள் பல கழிந்துவிடுவது வளர்ந்த நாடுகளிலும் காணும் நிலை.

நம் மாவட்டத்தில் அந்தத் தாமதத்துக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வேரோடு வெளியேற்றப்பட்டனர். 2007இல் சிலாவத்துறைப் பகுதியும் 2008இல் மாந்தை மேற்கும் இடம்பெயர்ந்தன. காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் இன்றும் தெருவில் நிற்கின்றனர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களிடையே நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, அவர்களில் 18.8 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற உளநோய்களைக் கண்டது. இத்தகைய மண்ணில் எந்த மனத்துயரையும் போரின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. ஆனால் இருதுருவ நோய் பெரிதும் பரம்பரை வழியே வருவது. போரே காணாத ஊர்களிலும் இருப்பது. துயரம் அதைத் தூண்டலாம், ஆனால் துயரமே அந்நோய் ஆகாது. அதைப் போர்ச்சோகம் என்று பிழையாக அறிந்து, சோர்வு நீக்கும் குளிசையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு அதுவே எழுச்சியைக் கிளப்பிவிடும். 'எனக்கும் முதலில் அப்படித்தான் தந்தார்கள். ஒருமுறை அளவுமீறி உற்சாகமாக இருந்தேனே, அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை' என்று சொல்லவல்லவர் இன்னொரு நோயாளி மட்டுமே.

லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் இந்நோய்க்கு அதன் பயனைக் கண்டறிந்தார். இன்றும் அது முதல்வரிசை மருந்து. ஆனால் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே இரத்தத்தில் அதன் அளவைக் காலந்தோறும் பார்க்கவேண்டும். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். மன்னாரின் வெயிலில், உப்பளத்திலும் கரைவலையிலும் நாள்முழுதும் வியர்ப்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. வலை இழுத்து நொந்த முதுகுக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக், இபுபுரோபென் குளிசைகளும் அந்த அளவை உயர்த்தும். பிரஷருக்கென்று உப்பைத் திடீரெனக் குறைத்தாலும் அதே கேடுதான். வாந்தி, வயிற்றோட்டம், கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம் ஆகியன கண்டால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். நோன்பு நோற்க விரும்பும் எருக்கலம்பிட்டி நோயாளி, மருந்தை எப்போது எடுப்பது, நோன்பு தமக்குத் தகுமா என்று றமழானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டாகவேண்டும். இவற்றை மருத்துவர் ஒருமுறை சொல்லியிருக்கலாம். போத்தல் தண்ணீரைப் படகில் எங்கே வைப்பது, நோவுக்கு எந்தக் குளிசை ஆகும் என்றெல்லாம் பத்துமுறை சொல்லித்தருபவர் அதே தொழிலில் அதே குளிசையோடு ஆண்டுகள் கழித்தவரே.

உறக்கத்தைப் பற்றியும் அவரே அறிவார். நித்திரை குலைவது எழுச்சியின் முன்னறிகுறி. பலருக்கு அதுவே தூண்டுகோலும் ஆகும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் தொழில் பெரும்பாலும் இரவுத் தொழில். இரவில் கடலுக்குப் போகாதே என்று மீனவனுக்குச் சொல்லும் மருத்துவம் அவன் அடுப்பை அணைக்கும் மருத்துவம். ஒரு கிழமை கடலுக்குப் போய் மறுகிழமை கரைவேலை பார்ப்பதா, சம்மாட்டியிடம் என்ன சொல்லி நாள் மாற்றுவது, இரண்டு இரவு கண் மூடாவிட்டால் எவரிடம் சொல்வது — வாழ்ந்து கண்ட விடைகளே இங்கு பயன்படும்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். மணம் பேசும்போது நோய் மறைக்கப்படுகிறது. மணமான பின் குளிசையும் மறைக்கப்படுகிறது. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, ஒருநாள் அதையும் நிறுத்திவிடுகிறாள். திடீரென நிறுத்தினால் நோய் மூர்க்கமாகத் திரும்பும். பேறுக்குப் பின்வரும் முதற்கிழமைகள் இந்நோயுள்ள தாய்க்கு மிக அபாயமானவை. வல்புரோயேட் என்ற மருந்தைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக்குறை நேரலாம். ஆதலால் கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு மாற்றுமருந்து முன்கூட்டியே பேசப்படவேண்டும். கணவன், மாமி ஆகியோர்முன் இதைக் கேட்கத் துணியாத இளம்பெண், தன்னைப்போல் நோயோடு பிள்ளை பெற்று வளர்த்த அக்கா ஒருத்தியிடம் கேட்பாள்.

நோயாளிக்கு நோயாளி துணைநிற்பது மருந்துக்கு மாற்று என்று நாம் கூறவில்லை. கூடிப் பேசினால் எல்லாம் தீரும் என்றும் கூறவில்லை. பார்சிலோனாவில் கொலோம், வியேட்டா முதலானோர் 120 நோயாளரைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், 21 அமர்வுகளில் நோயைப் பற்றி முறையாகக் கற்றவர்களுக்கு, வெறுமனே கூடிப் பேசியவர்களைவிட நோய் திரும்புவது குறைந்தது. இங்கிலாந்தில் 304 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்விலோ இருசாராருக்குமிடையே மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நோய் ஒருசில தடவை மட்டுமே தாக்கியோருக்குக் கற்றல் கூடுதல் பயன் தந்தது. எனவே துணையும் கல்வியும் ஒன்றாகச் சேரவேண்டும். அதுவும் காலம் தாழ்த்தாமல், முதல் தாக்கங்களின்போதே.

நோயையும் நோயாளரையும் ஒளித்துவைப்பதன் எல்லை எதுவென்பதை எதிர்க்கரை காட்டிவிட்டது. 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டுண்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி வெந்து மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் உறவினரே. கொடியவர்கள் அல்லர், கைவிடப்பட்ட குடும்பங்கள். பின்னாளில் ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும் ஏற்பாடு உண்டானது. நோயாளரையே துணையாக்கும் வழியும் உண்டு. குஜராத்தின் அரச உளநல நிலையங்களில் 2014 முதல், நோயிலிருந்து மீண்டோர் பிற நோயாளருக்குத் துணைநிற்கப் பயிற்றப்பட்டனர். உகண்டாவின் புட்டபிக்கா வைத்தியசாலை, மீண்டவர்களைப் பயிற்றி, வீடு திரும்பும் நோயாளருக்குத் துணையாக்கியது. இவை செல்வந்த நாடுகளின் ஆடம்பரங்கள் அல்ல.

நம் நாடும் இதற்குப் புதியதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எழுந்த 2005ஆம் ஆண்டின் உளநலக் கொள்கை, அங்கொடை மனநல வைத்தியசாலையில் குவிந்துகிடந்த சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர முனைந்தது. பேரலைக்கு முன் 27 சுகாதார மாவட்டங்களில் 10இல் மட்டும் இருந்த உளநலக் கட்டமைப்பு பின்னர் 20இற்குப் பரவியது. கட்டடமும் மருத்துவரும் வந்தனர். நோயை வாழ்ந்தறிந்தவருக்கு மட்டும் அக்கட்டமைப்பில் இன்னும் ஒரு நாற்காலி இல்லை.

மன்னாரில் அந்த நாற்காலியை இடுவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நோயாளர் துணைக்குழுவை முதலில் கிராமத்தில் கூட்டக்கூடாது. பேசாலையில் கூடினால் பேசாலை முழுவதும் மாலைக்குள் அறியும். கிளினிக் நாளன்று வைத்தியசாலைக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கினால், வந்தவர் எதற்கு வந்தார் என்று எவரும் கேளார். பஸ் காசும் இருமுறை செலவாகாது. கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் மூவரும் ஒரே அறையில் அமர்வதில் நமக்குத் தனி விருப்பம் உண்டு. பெண்களுக்கோ வேறு அறை கட்டாயம் வேண்டும். துணைநிற்பவரும் நோயாளரே. அவர் சுகவீனமுறும்போது பொறுப்பை ஏற்க இன்னொருவரும், அவருக்கு மேலாக உளநல மருத்துவ உத்தியோகத்தரும் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஊதியம். வறியவரின் துன்ப அனுபவத்தைத் தொண்டு என்ற பெயரில் இலவசமாகப் பெறுவது நீதியன்று. ஒருநாள் தொழிலை விட்டு வருபவருக்கு அந்நாட் கூலியாவது கொடுபடவேண்டும். மாகாண சுகாதாரத் திணைக்களமும் மத்திய அமைச்சும் இப்பணியை நியமனத்துக்குரிய பதவியாக எழுதிவைக்கவேண்டும். தொடக்கத்துக்கு இருவர் போதும்: கடற்றொழிலை அறிந்த ஓர் ஆண், பிள்ளை பெற்ற ஒரு பெண், இருவரும் பல ஆண்டுகள் நோய் தணிந்து வாழ்பவராக இருக்கட்டும். லித்தியம் எழுதப்படும் ஒவ்வொருவருக்கும் இரத்தப் பரிசோதனை இம்மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பதையும் திணைக்களமும் அமைச்சும் உறுதிசெய்யட்டும். அதுவரை, நித்திரையின்றி இரவுகளைக் கழிக்கும் ஒருவர் வீட்டில் இருப்பின், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இன்றே அழைக்கலாம்.