நேம்சர்வரைத் தொடும் முன்

இணையதளத்தை வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக நேம்சர்வரை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஏ பதிவை, ஐபிவி6 இருந்தால் அதற்குரிய பதிவையும் சேர்த்து, திருத்தினால் போதும். ஆனாலும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது நேம்சர்வரில்தான். ஹோஸ்டிங் நிறுவனத்தின் வரவேற்பு மடலில் இரண்டு நேம்சர்வர் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை ரெஜிஸ்ட்ரார் கணக்கில் ஒட்டியதும் தளம் திறந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் மின்னஞ்சல் நின்றுபோனது மறுநாள்தான் தெரிய வருகிறது.

நேம்சர்வரை மாற்றினால், அந்த டொமைனைப் பற்றி உலகத்துக்குப் பதில் சொல்லும் அதிகாரமே கைமாறுகிறது. பழைய சோனில் இருந்த எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் அங்கேயே கிடக்கும். இனி அவற்றை யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

பதிலே வராமல் போவதைவிடத் தவறான பதில் வருவதுதான் ஆபத்து. டிஎன்எஸ் பதில் தராவிட்டால் அனுப்பும் சர்வர் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். கைவிடும் முன் குறைந்தது 4, 5 நாளாவது பொறுத்திருக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 5321. ஆனால் எம்எக்ஸ் இல்லை என்று தெளிவாகப் பதில் வந்துவிட்டால், அதே ஆர்எஃப்சியின்படி மடல் ஏ பதிவு காட்டும் முகவரிக்குப் போகும். அது புது இணையதள சர்வர். சிபேனல் போன்றவை புது சோனை உருவாக்கும்போது தம் சர்வரையே எம்எக்ஸாகப் போட்டுக்கொள்வதும் உண்டு. அப்போதும் விளைவு இதுவே. அந்த சர்வரில் அஞ்சல்பெட்டி இல்லாததால் 550 என்று மறுக்கும், மடல் உடனே திரும்பும். பொதுப்பெட்டி ஒன்று திறந்திருந்தால் இன்னும் மோசம்: மடல் அதில் விழுந்துவிடும், அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. ஒரு டெண்டரோ மருத்துவ அறிக்கையோ இப்படிப் போனால் அதற்குப் பொறுப்பு நம்முடையதுதான்.

எம்எக்ஸைச் சரியாக எடுத்துப்போனவர்களும் தவறவிடுவது டிகிம். புது டிஎன்எஸ் சேவைகள் பழைய பதிவுகளைத் தாமாகவே தேடி எடுத்துத் தருவதாகச் சொல்கின்றன. அவற்றால் செய்ய முடிவது, வழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது மட்டுமே. டிகிம் சாவி எந்த செலக்டர் பெயரில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பட்டியல் கேட்க எளிய வழியில்லை. முழு சோனையும் தரும் ஏஎக்ஸ்எஃப்ஆர் வெளியாருக்குப் பெரும்பாலும் மூடியே இருக்கும். எனவே பழைய இடத்திலிருந்து சோன் ஃபைலை ஏற்றுமதி செய்து வாங்குங்கள். அது கிடைக்காத இடத்தில், நிறுவனம் சார்பில் மடல் அனுப்பும் ஒவ்வொரு சேவையிலிருந்தும் ஒரு மடலை வரவழைத்துத் தலைப்பகுதியைத் திறந்து பாருங்கள். பில் அனுப்பும் மென்பொருள், சம்பளப் பட்டியல், செய்திமடல் எதையும் விட வேண்டாம். டிகிம் கையொப்ப வரியில் செலக்டர் பெயர் எழுதியிருக்கும்.

டிகிம் விடுபட்டால் முன்பு மடல் எப்படியோ போய்ச் சேர்ந்தது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியைக் கூட்டிவிட்டன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். எஸ்பிஎஃப் இருந்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். மடல் வேறொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் முறிந்துவிடும், டிகிம் பெரும்பாலும் தாங்கும். புதுச் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது எஸ்பிஎஃப் பதிவு போடுவதும் நம்மிடையே தொடர்கிறது. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றிலேயே சேர்த்து எழுத வேண்டும், டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டாமல்.

நேம்சர்வரை மாற்றியே தீர வேண்டிய நேரங்களும் உண்டு. அப்போது இரண்டு சோன்களிலும் ஒரே பதிவுகள் இருக்கட்டும். டாட் காம் தன் பக்கத்தில் தரும் நேம்சர்வர் விவரத்தின் டிடிஎல் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். நம் சோனில் டிடிஎல்லை எவ்வளவு குறைத்தாலும் அது மாறாது. அந்த இரண்டு நாளும் சிலர் பழைய சர்வரிடமே கேட்பார்கள். ஆகவே பழைய ஹோஸ்டிங் கணக்கை அதற்குள் மூடக் கூடாது. டிஎன்எஸ்செக் இருந்தால் முதலில் ரெஜிஸ்ட்ராரிடம் டிஎஸ் பதிவை நீக்கி, அதன் டிடிஎல் கழிந்தபின்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சரிபார்க்கும் ரிசால்வர்கள் டொமைனையே மறுத்துவிடும்.

இந்த வேலையை இணையதளக் கட்டணத்துக்குள் இலவச இணைப்பாகத் தள்ளிவிடாமல், மதிப்பீட்டில் தனி வரியாக எழுதுங்கள் என்பது எங்கள் கோரிக்கை. முடிந்ததும் சோன் ஃபைலின் நகலை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரார் கணக்கு அவர் பெயரில்தான் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் அல்ல. அந்தக் கணக்கின் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டொமைன் காலாவதியாகி மின்னஞ்சல் நின்றுவிட்டால், கணக்கை மீட்கும் மடலும் அந்தப் பெட்டிக்கு வந்து சேராது.