பூச்சின்னு சொல்லு!

ராத்திரியில் பாம்பு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் எங்கள் ஆச்சிக்குக் கோபம் வந்துவிடும். "அது பேரச் சொல்லாதல, பூச்சின்னு சொல்லு" என்பார். பேர் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம்.

சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பாம்போடு உள்ள உறவு அப்படி. சங்கரநாராயணர் கோயில் கதையே இரண்டு நாகர்களின் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. சிவன்தான் பெரியவர் என்றான் சங்கன். இல்லை, திருமால்தான் என்றான் பதுமன். வழக்கு கோமதி அம்மனிடம் போக, அம்மன் தவமிருந்தாள். சிவனும் திருமாலும் ஒரே உருவாகக் காட்சி கொடுத்தார்கள். அதுதான் ஆடித்தபசு. கோயில் புற்று மண்தான் இங்கே பிரசாதம். வீட்டில் பாம்போ தேளோ தட்டுப்பட்டால், அந்த உருவம் போட்ட தகட்டை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வருவார்கள்.

வெளியூர் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் இடத்தில் நீ இரு, என் இடத்தில் நான் இருக்கிறேன்" என்று எல்லைக்கல் நட்டுக்கொள்ளும் காரியமாகவே இது எனக்குப் படுகிறது. எங்கள் தோட்டத்துப் புற்றில் யாரும் மண்வெட்டி வைத்ததில்லை. அதில் குடியிருந்தவர் வயலில் எலியைத் தின்று எங்களுக்கும் உபகாரம் செய்துகொண்டிருந்தார்.

ஆனால், எல்லை தாண்டுகிற நாளும் வரும். என் சித்தப்பா ஒருநாள் ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்று புரண்டு படுத்துவிட்டார். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாது, வீக்கமும் அநேகமாக இருக்காது என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. விடியும்போது அவருக்கு இமை திறக்கவில்லை. புற்று மண்ணைக் குழைத்துப் பூசினார்கள், கயிறு கட்டினார்கள், மந்திரிக்க ஆள் தேடினார்கள். மாட்டு வண்டி பெரியாஸ்பத்திரியை எட்டும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

அந்த வருஷமும் ஆச்சி ஆடித்தபசுக்குப் போனார், தகடு போட்டார். திரும்பி வந்து எங்களை உட்கார வைத்து ஒன்று சொன்னார்: "மண்ணு கடிக்காம இருக்கத்தான்ல. கடிச்சிட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." படிக்காத மனுஷி. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் சாவதாக 2020-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் குரல்தான் கேட்டது.

ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்தும் பாம்பு கொடுப்பதுதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து மருந்து தயாராகிறது. பாம்பு, இருளர், குதிரை எல்லாரும் சேர்ந்துதான் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, வீட்டுக்கு வந்த விருந்து மாதிரி எனக்குச் சந்தோஷம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். விடியும் முன்னே பிச்சிப்பூ பறிக்கக் கிளம்பிய பெண்களில் பாதிப் பேர் கையில் டார்ச் இல்லை. காலில் செருப்பும் இல்லை. "செருப்பப் போட்டுட்டுப் போங்க தாயி" என்றேன். "அம்மன் பாத்துக்கிடுவா" என்று சிரித்தார்கள். மறுநாள் அதே வழியில் நான்கு டார்ச் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "இதுல பூச்சி தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். நானும் பேரைச் சொல்லவில்லை. இன்னும் விடிந்திருக்கவில்லையே.