கூப்பிடாமலே ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் செல்போன்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: “செல்போன் சிக்னலை வைத்து யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் என்ன சார்? தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்?” பலர் கைதட்டியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

வகுப்பில் பெயர் வாசித்தால் “உள்ளேன் ஐயா” என்பீர்கள். செல்போன் யாரும் கூப்பிடாமலே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பையில் சும்மா கிடந்தாலும் டவரோடு தொடர்பில் இருக்கிறது. வைஃபை ஆனில் இருந்தால், தெருவில் நடக்கும்போதே பக்கத்தில் இணைப்பு உண்டா என்று தேடுகிறது. 2013-ல் லண்டனில் ஒரு கம்பெனி குப்பைத்தொட்டிகளில் கருவி வைத்து, கடந்து போனவர்களின் போன்களைக் கணக்கெடுத்தது. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் நிறுத்தச் சொன்னது. அதற்கடுத்த ஆண்டுகளில் போன்கள் தங்கள் வைஃபை அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கின. ஆனால் டவரிடம் அந்த வித்தை பலிக்காது.

நம் ஊருக்கு வருகிறேன். 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவி, 5-ம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அங்கே போய்வந்தவர்களைத் தேட செல்போன் டவர் பதிவுகளும் பயன்பட்டன. என்னிடம் படித்த ஒருவர், தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அந்த மேம்பாலம் வழியாகப் போனவர். மார்க்கெட்டுக்குள் கால் வைக்கவில்லை. “உங்கள் போன் அங்கே இருந்திருக்கிறதே” என்று அழைப்பு வந்தது. வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பதினான்கு நாள் அல்ல, அதற்குப் பிறகும் பல வாரம் அந்த வீட்டு இறாலை யாரும் வாங்கவில்லை. அவர் செய்த தப்பு என்ன?

டவர் சொல்வது போன் எந்த வட்டாரத்தில் இருந்தது என்பதை மட்டும்தான். எதற்காகப் போனோம் என்று அதற்குத் தெரியாது. நம் ஏரிக்கரையில் நின்றால் சில நேரம் ஆந்திரா டவர் கிடைக்கிறது. சுண்ணாம்புக்குளத்தில் வலை உலர்த்துகிறவனை அந்தப் பதிவு அடுத்த மாநிலத்துக்காரன் ஆக்கிவிடுமே! அதை நம்பி ஒருவனை விசாரித்தால்?

கண்காணிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 ஒக்கிப் புயலில் குமரி மீனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் குடும்பங்கள் கரையில் கதறியதை மறக்க முடியுமா? படகில் கருவி பொருத்தட்டும். ஆனால் அது இருப்பது படகுக்காரனுக்குத் தெரியும். எதற்கு என்றும் தெரியும். தெரியாமல் எடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

நாற்பது ஆண்டு நெருக்கத்தில் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். வகுப்பறைக்குள்தான் எழுதினேன். மாலையில் யார் வீட்டுக்கு யார் போனார்கள், எந்தக் கூட்டத்தில் நின்றார்கள் என்று தெருமுனையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் உங்கள் பெற்றோர் சும்மா விட்டிருப்பார்களா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதிலேயே வழி வைத்திருக்கிறார்கள். வேலிக்கு நடுவில் இவ்வளவு பெரிய வாசல் எதற்கு?

கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். யார் எடுக்கிறார்கள்? எதற்கு? எப்போது அழிப்பார்கள்? பதில் எழுத்தில் வேண்டும்.

வெளியே போகும்போது தேவையில்லாத வைஃபை, புளூடூத்தை அணைத்து வையுங்கள். லொகேஷன் கேட்கும் ஆப்புகளுக்கெல்லாம் ‘சரி’ சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்ட தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. தப்பு செய்யாதவன்தான் தம்பி, அன்று வாசலில் நோட்டீஸோடு உட்கார்ந்திருந்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள்.

– உங்கள் பழைய வாத்தியார், சுண்ணாம்புக்குளம்