ஆய்வரங்கும் இளம் ஆய்வாளரும்

ஆய்வு தனிமையில் தொடங்கி அவையில் நிறைவெய்துவது. நூலகத்தின் ஒரு மூலையில் அமர்ந்து ஒருவர் கண்டதாகக் கருதும் உண்மை, அறிந்தோர் முன் வைக்கப்பட்டு, வினவப்பட்டு, அவ்வினாக்களைத் தாங்கி நின்ற பின்னரே உண்மை என்னும் தகுதியைப் பெறுகின்றது. தமிழ் மரபு இதனை நன்கு உணர்ந்திருந்தது. புலவர்கள் தம் நூலை அவையில் அரங்கேற்றியதும், உரையாசிரியர்கள் தாமே தடை எழுப்பி விடையும் கூறிச் சென்றதும் இதன்பொருட்டேயாம். நபிமொழிக் கலையை வளர்த்த அறிஞர்களும் ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொண்டாரல்லர். ‘யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?’ என்று அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். வினவுதல் அறிவுக்குச் செய்யும் மரியாதை என்பது இவ்விரு மரபுகளுக்கும் பொதுவான கொள்கை எனலாம்.

இக்கொள்கையை மனத்திற்கொண்டு இன்றைய கருத்தரங்குகள் பலவற்றை நோக்குங்கால் கவலையே மிகுகின்றது. ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணித்துளி. அதற்குள்ளாகவே ‘நேரம் முடிந்தது’ எனத் துண்டுச்சீட்டு வருகின்றது. கட்டுரை வாசித்தவர் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு பேருந்துக்கு விரைகின்றார். கட்டுரைத் தொகுதியோ கருத்தரங்கிற்கு முன்பே அச்சாகிவிடுகின்றது. அரங்கில் யாரேனும் பிழை சுட்டினாலும் அதனைத் திருத்த இடமில்லை. வினாவே எழாத அரங்கினை ஆய்வரங்கு என அழைத்தல் தகுமா என்பதே என் கேள்வி.

இதனை நான் வலியுறுத்துவதற்கு என் சொந்த அனுபவமே காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், எம்ஃபில் மாணவ நிலையில், ஒரு முனாஜாத்துப் பாடலைப் பற்றி முதன்முதலாகக் கட்டுரை வாசித்தேன். அப்பாடல் அரபுத்தமிழில் எழுதப்பட்டது. நான் பயன்படுத்தியதோ தமிழ் எழுத்தில் பின்னர் வந்த பதிப்பு. அதில் ‘கறை’ என்றொரு சொல் இருந்தது. பாவக்கறை எனப் பொருள்கொண்டு, அச்சொல்லின் மீதே மூன்று பக்க விளக்கத்தை எழுப்பியிருந்தேன். வாசித்து முடித்ததும் முன்வரிசையிலிருந்த முதுபேராசிரியர் ஒருவர் எழுந்தார். “அரபுத்தமிழில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒரு புள்ளிதானே வேறுபாடு? மூலத்தில் அந்தப் புள்ளி இருக்கின்றதா? பார்த்தீர்களா?” என்று அமைதியாக வினவினார்.

நான் பார்க்கவில்லை. அதனைச் சொல்வதற்கு எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவையில் ஒருவரும் நகைக்கவில்லை. ஆயினும் தலை நிமிர இயலவில்லை. தேநீர் இடைவேளையில் அப்பெரியவரே என்னைத் தேடி வந்து, “உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்” என்று கூறிச் சென்றார்.

வீட்டிலிருந்தவர் என் நன்னி. வங்கியிலும் ரேஷன் கடையிலும் கைநாட்டு வைப்பவர். தமிழ் எழுத்து அறியாதவர் என்பதால் எழுத்தறிவற்றவர் என்றே கணக்கிடப்பட்டவர். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். மூலத்தின் படியொன்றைத் தேடிக் கொணர்ந்து அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, தடையின்றி, இராகத்தோடு படித்தார். நான் ஐயுற்ற இடத்தில் நிறுத்திக் கேட்டேன். “கரைதாம்மா. கடலுக்குக் கரை இல்லையா, அந்தக் கரை” என்றார். எழுத்தின் கீழே புள்ளி இல்லை. பாவத்தின் கறையைப் பற்றி நான் எழுதிய மூன்று பக்கங்களும் வீழ்ந்தன. துன்பக் கடலில் தத்தளிப்பவன் கரையை வேண்டும் பாட்டு அது என்பது அன்றுதான் விளங்கியது. எங்கள் வீட்டிலேயே ஓர் ஆய்வுத் துணைவர் இருந்தார் என்பதும் அன்றுதான் விளங்கியது.

அந்த ஒரு வினா எழுந்திராவிடில் என் கட்டுரை அப்படியே அச்சேறியிருக்கும். அதனை மேற்கோளாகக் கொண்டு இன்னொருவர் எழுதியிருப்பார். நன்னியும் தாம் அறிந்ததை எவரும் கேளாமலே மறைந்திருப்பார்.

கருத்தரங்குகள் இந்நிலையை எய்தியதற்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு கொணர்ந்த விதிமுறைகள், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தலுக்கும் புள்ளிகள் வழங்கின. ஆசிரியரின் பணி உயர்வு அப்புள்ளிகளோடு பிணைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் கருத்தரங்குகளில் இரு கட்டுரைகள் வாசித்திருத்தல் வேண்டும் எனப் பணித்தது. நோக்கம் நன்றே. ஆனால் தேவை பெருகியதும் சான்றிதழ் முதன்மை பெற்றது, உரையாடல் பின்தள்ளப்பட்டது.

2022ஆம் ஆண்டு விதிமுறை இரு மாற்றங்களைச் செய்தது. கட்டாயமாகக் கட்டுரை வாசித்தல் என்னும் நிபந்தனை நீங்கியது. எம்ஃபில் பட்டமும் கைவிடப்பட்டது. முன்னதை நல்வாய்ப்பாகக் கருதுகின்றேன். கட்டாயம் நீங்கிய பின்னரும் அரங்கிற்கு வருபவர் கற்கவே வருபவராதல் கூடும். பின்னதோ ஓர் இழப்பைத் தந்தது. சிறிய ஆய்வேடொன்றை எழுதிப் பிழைசெய்து திருந்துவதற்கு எம்மனோர்க்கு எம்ஃபில் களமாக இருந்தது. இன்று முதுகலை முடித்த மாணவர் நேரே முனைவர் பட்ட ஆய்வில் அடியெடுத்து வைக்கின்றார். அவர் முதன்முதலாக வினாவை எதிர்கொள்ளும் இடம் கருத்தரங்காகவே இருத்தல் வேண்டும். அங்கும் வினா இல்லையெனில் அவர் எங்குதான் திருந்துவார்?

‘கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் சிற்றூர்களிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு வாய்ப்பு ஏது?’ என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஆயினும், பதிவுக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் செலவிட்டு வந்த அம்மாணவருக்கு, பாதி காலியான அறையில் ஐந்து மணித்துளி பேசக் கிடைப்பது வாய்ப்பாகுமா? தம் ஆய்வைப் பற்றிக் கேட்டறிய வீட்டில் எவருமில்லாத அவருக்கே பிறரினும் மிகுதியாக அறிஞரின் செவி தேவைப்படுகின்றது. ஒரு பெரிய அரங்கிற்கு ஈடாகப் பல சிறிய அரங்குகளை அண்மையிலுள்ள கல்லூரிகள் முறைவைத்து நடத்தினால் இடமும் கிடைக்கும், செவியும் கிடைக்கும்.

எனவே, நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள்: வாசிப்பதற்குத் தரும் நேரத்தின் அளவே வினாவுக்கும் தருக, கட்டுரைகளைத் திருத்திய பின் தொகுதியை அச்சிடுக. நெறியாளர்க்கு ஒரு வேண்டுகோள்: மாணவரைத் துறையிலேயே ஒருமுறை வாசிக்கச் செய்து, முதல் வினாவைத் தாங்களே எழுப்புக. ஆய்வு மாணவர்க்கு: மூலத்தைக் காணாமல் மேடையேறாதீர்கள். ஒரு கருத்தை மட்டும் தெளிவாகக் கூறுங்கள். தெரியாததைத் தெரியாது எனச் சொல்ல அஞ்சாதீர்கள். உங்கள் கட்டுரை முடிந்ததும் புறப்பட்டுவிடாமல், பிறர் கட்டுரைகளையும் இறுதிவரை கேளுங்கள்.

மாநாட்டின் பயன் மேடையோடு முடிவதில்லை என்பதற்கு வரலாறே சான்று. 1964ஆம் ஆண்டு புதுதில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் அனைத்துலக மாநாடு நடைபெற்றபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களைத் தனிநாயக அடிகளார் முதலியோர் ஒன்றுகூட்டினர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அக்கூட்டத்தில்தான் தோன்றியது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது அதன் பயனேயாகும்.

நம் துறை நடத்தும் அரங்குகளுக்கு வரும் மாணவர் எவரும் சான்றிதழோடு மட்டும் திரும்புதல் ஆகாது. விடை தெரியாத ஒரு வினாவையேனும் அவர் தம்மோடு கொண்டு செல்லல் வேண்டும். அவ்வினாவுக்குரிய விடை, ஒருவேளை, அவர்தம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கக்கூடும்.