இரண்டு சதவீதத்தில் கிடைக்காத நம்பிக்கை

ஊருக்குச் செலவு செய்தால் ஊர் நம்பும் என்பது தொழில் உலகில் வேரூன்றிவிட்ட எண்ணம். பெரிய ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதன் அடையாளங்களைப் பார்க்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நிறுவனத்தின் பெயர் எழுதிய நிழற்குடை, பள்ளிச் சுவரில் புதுப் பெயிண்ட், திறப்புவிழாக் கல்வெட்டோடு ஆர்.ஓ. குடிநீர் நிலையம், அவ்வப்போது ஒரு கண் சிகிச்சை முகாம். இவையெல்லாம் சேர்ந்து ஊரின் நம்பிக்கையாகத் திரளும் என்று நிர்வாகங்கள் கணக்குப் போடுகின்றன. கணக்கு தவறு. நன்கொடையால் நன்றியைப் பெறலாம். நம்பிக்கை அப்படி வருவதில்லை. தன்னைச் சோதித்துப் பார்க்க ஊருக்கு இடம் கொடுத்து, அந்தச் சோதனையில் தேறும் நிறுவனத்துக்கே அது கிடைக்கிறது.

இந்தியாவில் இந்த எண்ணத்துக்குச் சட்டமே துணை நிற்பதுபோல் தோன்றும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவதொரு வரம்பை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எதுவும் இந்தக் கணக்கில் சேராது என்றும் விதி சொல்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், புகைபோக்கியில் வடிகட்டி பொருத்துவதும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு உரிய கூலி தருவதும் சி.எஸ்.ஆர். ஆகாது. கடமையைத் தர்மமாகக் காட்டிக்கொள்ளாமல் தடுப்பதால் இந்த விதி நியாயமானதுதான். ஆனால் ஊர் ஒரு நிறுவனத்தை எடைபோடுவது, இந்தக் கணக்கில் சேராத காரியங்களை வைத்தே. ஆண்டறிக்கையின் வண்ணப் பக்கங்களில் இருப்பவை அதன் தராசில் ஏறுவதில்லை.

கொடைக்கானல் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் 1980-களில் இந்த மலை நகருக்கு வந்தன. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவர் வசம் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏறத்தாழ 7.4 டன் சாக்குகளில் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். தன் விதிமுறைக்கு மாறாகவே அது விற்கப்பட்டது என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டிலேயே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் அந்தத் தொழிலாளர்கள் நிழற்குடையோ முகாமோ கேட்கவில்லை. இழப்பீடு கேட்டார்கள், மண்ணைச் சுத்தம் செய்யக் கேட்டார்கள். கிராமப் பெண்களைச் சிறு விற்பனையாளர்களாக்கும் ‘சக்தி’ திட்டத்துக்காக அதே நிறுவனம் அதே காலத்தில் நாடெங்கும் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாராட்டு மூஞ்சிக்கல்லில் செல்லுபடியாகவில்லை.

கேரளத்தின் பிளாச்சிமடையில் நடந்தது இன்னும் கசப்பானது. 2000-இல் அங்கே கோக-கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. ஆலையிலிருந்து வெளியேறிய கசடை உரம் என்று சொல்லி விவசாயிகளிடம் கொடுத்தார்கள். அதில் காட்மியம் இருப்பது 2003-இல் சோதனைகளில் தெரியவந்தது. கிணற்று நீர் குறைந்து கெட்டுப்போனதாக ஏற்கெனவே போராடிக்கொண்டிருந்த ஊருக்கு, கொடுத்த பொருளே குற்றத்தின் சாட்சியாகிவிட்டது. பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே தொட்டிலே கிள்ளியது.

தூத்துக்குடியின் கதை இரண்டு நூறு கோடிகளுக்கு நடுவே நிற்கிறது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2013 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலை மாசுபடுத்தியதற்கும் முறையான இசைவாணை இன்றி நெடுங்காலம் ஆலையை ஓட்டியதற்கும் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22, விரிவாக்கத்துக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 28-இல் ஆலையை நிரந்தரமாக மூட அரசு ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தபோது, வட்டார மக்களின் நலனுக்கு நிறுவனம் மூன்றாண்டுகளில் 100 கோடி செலவிட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. தீர்ப்பாயத்துக்கு அதிகார வரம்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் அதைத் தள்ளியது. மூடியது சரியே என 2020-இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்தன. தொகை ஒருமுறை இழப்பீடாகவும் மறுமுறை நலத்திட்டமாகவும் வந்தது. ‘எங்கள் காற்றிலும் தண்ணீரிலும் என்ன கலக்கிறது’ என்ற கேள்விக்கு ஊர் ஏற்கும் பதில் இரண்டோடும் வரவில்லை.

சமூகப் பணியை வங்கி வைப்புபோல் கருதுவோர் உண்டு. நல்ல காலத்தில் போட்டுவைத்தால் கெட்ட காலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். அதற்கு அவர்கள் காட்டுவது டாடாவை. ஜாம்ஷெட்பூரில் டாடா உருக்காலை 1912-லேயே எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. 1915-இல் இலவச மருத்துவம், 1928-இல் பேறுகாலச் சலுகை. சட்டம் வற்புறுத்தும் முன்பே வந்தவை இவை. ஆனால் இவற்றில் எதுவும் நன்கொடை இல்லை என்பதை வாதிடுவோர் கவனிப்பதில்லை. எல்லாம் தொழிலை நடத்திய முறை. அந்த நற்பெயர் வைப்புத்தொகையாகவும் உதவவில்லை. 2006 ஜனவரி 2 அன்று ஒடிசாவின் கலிங்கநகரில், அதே நிறுவனத்தின் புதிய ஆலைக்கான நிலத்தை எதிர்த்து நின்ற ஆதிவாசிகள் மீது காவல் துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலம் பறிபோகிறவர்களிடம் ஜாம்ஷெட்பூரின் நூற்றாண்டுப் பெருமை பேசவில்லை. ஓர் ஊரில் சம்பாதித்த நம்பிக்கை அடுத்த ஊருக்கு மாற்றலாகிப் போவதில்லை.

‘அரசு கைவிட்ட கிராமத்துக்கு நிறுவனமாவது பள்ளி கட்டித் தருகிறதே’ என்பது எஞ்சும் வாதம். பள்ளியின் பயன் உண்மையானது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளியை ஏற்றுக்கொண்ட ஊர் ஆலையையும் ஏற்றுக்கொண்டது என்று படிப்பதுதான் பிழை. ஒடிசாவின் லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனம் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அதன் ஆலைக்காக நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றிக் கிராம சபைகளிடம் கேட்டபோது, கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றன. டோங்கிரியா கோண்டு மக்களுக்கு அந்த மலை நியமராஜாவின் இருப்பிடம்; அதை எந்தக் கட்டடத்தோடும் அவர்கள் பண்டமாற்று செய்யவில்லை.

நம்பிக்கையைத் தரும் காரியங்கள் பெரும்பாலும் திறப்புவிழா வைக்க முடியாதவை. அதிக மாசு வெளியிடும் 17 வகைத் தொழில்கள் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாமல் அளக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. அந்த அளவுகள் வாரியத்தின் கணினியோடு நிற்காமல், ஊராட்சி அலுவலக வாசலில் தமிழில், அனுமதித்த வரம்போடு சேர்த்து எழுதப்பட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை எந்த ஆய்வகத்தில் சோதிப்பது என்பதை ஊர் முடிவு செய்து, செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் பத்திரிகைக்கு முன் பக்கத்துத் தெருவுக்குத் தகவல் போக வேண்டும். விரிவாக்கத் திட்டம் முடிவாவதற்கு முன்பே கிராம சபைக்கு வர வேண்டும். சபை மறுத்தால் அந்த மறுப்புக்கு மதிப்பிருக்க வேண்டும். இந்த வரிசையில் கடைசியாக வருவது நன்கொடை. முன்னவை நடந்த ஊரில் நிறுவனம் கட்டும் பள்ளி வெறும் பள்ளியாகவே தெரியும். நடக்காத ஊரில் அதே பள்ளி வாய்ப்பூட்டாகத்தான் தெரியும்.