நெடுங்கால் ஈக்களையும் கணக்கெடுக்க வேண்டும்

மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வந்து சுவரில் ஒட்டும் நீண்ட காலுடைய பூச்சியைப் பெரிய கொசு என்று எண்ணி அடித்துவிடுவது வழக்கம். அது கொசு அன்று, நெடுங்கால் ஈ. கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதுமில்லை. வளர்ந்த ஈ சில நாட்களே உயிர் வாழும்.

அதன் வாழ்வில் பெரும்பகுதி புழுப் பருவத்திலேயே கழிகிறது. ஓடைக்கரைச் சேறு, பாசி, ஈர மண் ஆகியவற்றில் வாழும் புழுக்களில் பல, உதிர்ந்த இலைகளைத் தின்று மட்கச் செய்கின்றன. மீன், தவளை, பறவைகளுக்கு இவை இரை. ஐரோப்பாவில் சில இனங்கள் புல்லின் வேரைக் கடித்துச் சேதம் விளைவிப்பதுண்டு. அதற்காக எல்லா இனங்களையும் பகையாகக் கருதலாகாது.

உலகில் 15,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அமெரிக்க அறிஞர் சார்லஸ் அலெக்சாண்டர் (1889-1981) ஒருவரே 11,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டார். தென்னிந்திய இனங்கள் பலவற்றை, பி. சூசை நாதன் ஆனைமலையிலும் நீலகிரியிலும் பிடித்து அனுப்பிய மாதிரிகளைக் கொண்டே அவர் விவரித்தார்.

ஆனைமலையில் நாதன் பூச்சி பிடித்த இடங்களுள் சின்கோனாவும் கடம்பாறையும் முக்கியமானவை. கடம்பாறையில் பின்னர் அணையும் நீர்மின் நிலையமும் எழுந்தன. ஆனைமலைக் காடுகள் இன்று புலிகள் காப்பகம். அங்கே புலியையும் யானையையும் எண்ணினால் மட்டும் போதாது. நாதன் நின்ற அதே ஓடைக்கரைகளில் மீண்டும் நெடுங்கால் ஈக்களைத் தேட வேண்டும். அன்றிருந்தவற்றுள் எவை இன்றும் உள்ளன என்பதே கேள்வி.

இனப்பட்டியல் ஒன்று தயாரித்தால் வேலை முடிந்துவிடாது. கோடை, தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என ஆண்டு முழுவதும், ஒரே இடங்களில், ஒரே முறையில் பிடிக்க வேண்டும். விளக்குப் பொறியோடு கைவலையும் தேவை. எல்லா இனங்களும் விளக்குக்கு வருவதில்லை. கால்கள் எளிதில் உதிர்ந்துவிடுமாதலால் மாதிரிகளைப் பக்குவமாகக் கையாள வேண்டும். பெரும்பாலான இனங்களின் புழு இன்னதென்று இன்னும் அறியப்படவில்லை. புழுவைச் சேற்றோடு எடுத்து வளர்த்துப் பார்ப்பதும், மரபணுவை ஒப்பிடுவதும் இக்குறையைப் போக்கும்.

இது காட்டிலாகாவின் வேலை என்று உழவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஆழியாற்றுக்கு நீர் தருபவை இம்மலை ஓடைகளே. ஈரம் வற்றினாலும், கரை நிழல் அழிந்தாலும், மருந்து கலந்தாலும் முதலில் பாதிக்கப்படுபவை இத்தகைய சிற்றுயிர்களே. வேளாண் கல்லூரிகளின் பூச்சியியல் மாணவர்களை வனத்துறை அனுமதியுடன் இப்பணியில் ஈடுபடுத்தலாம். செலவு பெரிதல்ல, பூச்சிகளை இனம் பிரித்தறியும் நிபுணர்கள்தாம் அருகி வருகிறார்கள். அவர்களை உருவாக்குவதே முதல் வேலை.